மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது: இதிலிருந்து வெளியே வர முடியுமா?

நிரல்வாசி எழுதியது:

எந்தச் செயலி நல்லது, எந்த இயங்குதளம் நல்லது என்று பேச்சு தொடங்கினாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்பவர்கள் ஒரு பக்கம். வேலை நடந்தால் சரி, யார் எழுதினால் என்ன என்பவர்கள் மறு பக்கம். இரண்டு தரப்பும் ஒரு கேள்வியைத் தள்ளிப்போடுகின்றன. நாளைக்கு இதை விட்டுவிட நினைத்தால், நான் இதில் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

என் கருத்தில் அதுதான் முதல் கேள்வி. விலை, வசதி, அழகு, உரிமம் எல்லாம் அதற்கு அப்புறம்.

பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்டது. பயன்படுத்தியவர்களுக்குக் கோபம் இருந்தது, நியாயமான கோபம். ஆனால் அவர்கள் தாங்கள் பின்தொடர்ந்த தளங்களின் பட்டியலை ஒரே கோப்பாக இறக்கி, வேறொரு வாசிப்பானில் ஏற்றி, அடுத்த நாளே வாசிப்பைத் தொடர முடிந்தது. தளங்கள் தங்கள் புதிய பதிவுகளை வெளியிடும் ஆர்எஸ்எஸ், யாருக்கும் சொந்தமில்லாத பொது வடிவம் என்பதால் வந்த பலன் அது. அதே நிறுவனம் 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் என்ற தன் சமூக வலைத்தளத்தைத் தனிப்பயனர்களுக்கு மூடியது. அப்போதும் பதிவுகளையும் படங்களையும் இறக்கிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் இறக்கிய கோப்புகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? யார் யாருக்குப் பதில் எழுதினார்கள், எந்த வட்டத்தில் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ள வேறு இடமே கிடையாது. தரவு கையில் இருந்தது, அதற்கு உயிர் இல்லை.

ஒரே நிறுவனம், ஒரே மாதிரியான முடிவு. விளைவு மட்டும் வேறு. அதனால்தான் "அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா" என்ற வாதம் எனக்கு உதவுவதில்லை. நிறுவனத்தின் குணம் மாறும், முதலாளி மாறுவார், திட்டம் மாறும். என் பொருள் எந்த வடிவத்தில் இருக்கிறது, அந்த வடிவத்தை வேறு யார் திறப்பார்கள் என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

கட்டற்றவன் எழுதியது:

நண்பரே, நீங்கள் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள். வெளியேறும் வழியை யார் தருகிறார்கள்? நிறுவனம் தருகிறது. தருபவரே நாளைக்கு அடைக்கலாம். மூலநிரலும் (மென்பொருளை உருவாக்க எழுதிய நிரல்) அதை மாற்றும் உரிமையும் பயனரிடம் இல்லாதவரை, ஏற்றுமதிப் பொத்தான் என்பது அவர்கள் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை.

2009-இல் அமேசான், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு அந்த நூல்களை விற்கும் உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் என் கையிலிருக்கும் கருவிக்குள் கைவிட்டு எடுக்க முடியும் என்பது தெரிந்துபோனது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியிருந்த நூல்கள் எல்லாமே திறக்காமல் போயின. அதற்கும் பணம் திரும்பி வந்தது. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரைக் கணக்கில் சேர்த்தார்கள். எழுதிய குறிப்பின் மதிப்பை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள், பாருங்கள்.

இப்போது இன்னொரு பக்கம். ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010-இல் வாங்கியது. ஓப்பன் ஆபீஸின் எதிர்காலம் பற்றிக் கவலைப்பட்ட பங்களிப்பாளர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அதே மூலநிரலிலிருந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கிவிட்டார்கள். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் வகைக் கட்டற்ற இயங்குதளத்துக்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லிவிட்டு, 2020 டிசம்பரில் அதை 2021-ஓடு முடிப்பதாக அறிவித்தபோது அதற்கு மாற்றாக ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும் பிறந்தன. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் உரிமத்தை மாற்றியதும் சில நாளில் அதன் பழைய மூலநிரலிலிருந்து வால்கீ வந்தது. அடுத்த ஆண்டே ரெடிஸ் மறுபடியும் ஒரு கட்டற்ற உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. அந்த மூலநிரலின் உரிமம் கொடுத்த பலம் இது. வேறெந்த வெளியேறும் வழிக்கும் இந்தப் பலம் இல்லை.

மேசைக்கணினி எழுதியது:

நான் பல ஆண்டுகளாக அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். இருவரும் சொல்வது தாளில் சரி. நடைமுறையில் கோப்பை மாற்றுவது எளிது, ஆட்களை மாற்றுவதுதான் கடினம்.

ஜெர்மனியின் ம்யூனிக் நகர நிர்வாகம் 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. 2013 வாக்கில் சுமார் 15,000 கணினிகளை மாற்றியும் விட்டார்கள். பிறகு 2017-இல் நகர மன்றமே மறுபடி விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. உரிமம் இருந்தது, மூலநிரல் இருந்தது, பத்தாண்டு உழைப்பும் இருந்தது. அப்புறம் ஏன் திரும்பினார்கள்? அரசியல் என்பார்கள் சிலர், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் ஆவணம் வரிசை குலைந்து திறந்தது, சில துறைகளுக்குத் தேவையான நிரல்கள் லினக்ஸில் ஓடவில்லை என்ற புகார்களும் உண்மைதான்.

ஓர் எக்செல் கோப்புக்குள் ஒருவர் பத்து வருடமாக எழுதிச் சேர்த்த மேக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) இருக்கும். அவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அந்தக் கோப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள், ஆனால் மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு அதிலிருந்துதான் வரும். அதற்கு எந்த வெளியேறும் வழியைக் காட்டுவீர்கள்?

நிரல்வாசி எழுதியது:

மேசைக்கணினி சார், நீங்கள் கொடுத்த எக்செல் உதாரணம் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அந்த மேக்ரோ முதல் நாளிலேயே சிக்கலாக இருந்திருக்காது. பத்தாவது வருடத்தில்தான் அது கழற்ற முடியாததாகிறது. வெளியேறும் வழியைத் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மாறுவதற்கான செலவு ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது, யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

ம்யூனிக் பற்றி ஒன்று. அங்கே ஆவணம் வரிசை குலைந்ததற்குக் காரணம் லினக்ஸா? ஓடிஎஃப் என்ற பொது ஆவண வடிவம் 2006-இலேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகிவிட்டது. மைக்ரோசாஃப்டின் வடிவமும் 2008-இல் தரமானது. இரண்டு தரங்கள் இருந்தும் உலகம் கோப்பை அனுப்பும்போது ஒரே நிறுவனத்தின் நிரல் எப்படிக் காட்டுகிறதோ அதையே சரியான தோற்றம் என்று எடுத்துக்கொள்கிறது. தரம் தாளில் இருந்து பயனில்லை, இரண்டு வெவ்வேறு நிரல்கள் அதை ஒரே மாதிரி திறக்க வேண்டும். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது. ஒரு நகரம் திரும்பிவிட்டது என்பதால் கதை முடிந்துவிடவில்லை.

கட்டற்றவனுக்கு: மூலநிரல் இருந்தால் வழியை யாராலும் அடைக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கட்டற்ற மென்பொருளுக்குள்ளும் சிக்கிக்கொள்ள முடியும். தரவை விசித்திரமான முறையில் சேமிக்கும், ஆவணமே இல்லாத ஒரு திறமூலச் செயலியைவிட, எளிய உரைக்கோப்பாகச் சேமிக்கும் வணிகச் செயலியிலிருந்து வெளியே வருவது சாதாரணப் பயனருக்கு எளிது. மூலநிரலைப் படித்து வடிவத்தைக் கண்டுபிடி என்று அவரிடம் சொல்ல முடியாது.

தரவுக்காரி எழுதியது:

எல்லோரும் கோப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கட்டிப்போடுவது கோப்பு இல்லை, மனிதர்கள்.

செய்திச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். என் பழைய உரையாடல்கள் எல்லாம் அழிந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் குடும்பக் குழு, பிள்ளையின் வகுப்புக் குழு, வேலைக் குழு மூன்றும் ஒரே செயலியில் இருக்கும்போது நான் மட்டும் எங்கே போவது? 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது பெருங்கூட்டம் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடியது. ஓடியவர்களில் எத்தனை பேர் வாட்ஸ்அப்பை உண்மையிலேயே அழித்தார்கள்? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் புதிய செயலியைக் கூடுதலாக நிறுவிக்கொண்டார்கள், அவ்வளவுதான். (டெலிகிராமில் சாதாரண உரையாடல், சேவை நடத்துபவர்கூடப் படிக்க முடியாதபடி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, ரகசிய உரையாடலை நாமே தேர்ந்தெடுத்தால்தான் உண்டு. தனியுரிமைக்காக அங்கே போனவர்கள் பலருக்கு இது தெரியவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.)

"பிடிக்கவில்லை என்றால் வேறு செயலிக்குப் போ" என்று சொல்பவர்கள், தனிமனிதன் தேர்ந்தெடுக்கிறான் என்று நினைக்கிறார்கள். உண்மையில் குழு தேர்ந்தெடுக்கிறது, அதுவும் யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காமலே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு மென்பொருளின் முன்னிருப்பு அமைப்பு, அதாவது நாம் எதையும் மாற்றாதபோது தானாக இருப்பது, எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? எக்செல்லில் 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரைத் தட்டினால் அது தேதியாக மாறிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழைகள் இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் என்ன நடந்தது? பெயரிடும் பொறுப்பிலிருந்த குழு 2020-இல் அப்படிப்பட்ட மரபணுக்களின் பெயரையே மாற்றியது. அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி எக்செல்லில் 2023-இல்தான் வந்தது. மென்பொருளை வளைப்பதைவிட அறிவியலை வளைப்பது எளிதாக இருந்திருக்கிறது. அவ்வளவு பேர் அதற்குள் இருந்தார்கள்.

பின்புலன் எழுதியது:

கட்டற்றவனின் பட்டியலில் வெற்றிக் கதைகள் மட்டும் இருக்கின்றன. நான் ஒரு சிறிய திறமூலத் திட்டத்தைப் பராமரிப்பவன். "பிடிக்கவில்லையா, ஃபோர்க் செய்துகொள் (மூலநிரலை நகலெடுத்துத் தனியாக வளர்த்துக்கொள்)" என்பது சொல்ல எளிது. ஃபோர்க் செய்த மறுநாள் காலையில் பிழை அறிக்கைகளுக்கு யார் பதில் எழுதுவது?

ராக்கி லினக்ஸுக்கும் வால்கீக்கும் பின்னால் நிறுவனங்கள் நின்றன. சின்னத் திட்டங்களுக்கு யார் நிற்கிறார்கள்? இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தை நம்பி இணையத்தின் பெரும்பகுதி இயங்கிக்கொண்டிருந்தது. ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை 2012-இல் அதில் நுழைந்து 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. அந்தக் காலத்தில் அந்தத் திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்.

2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம். சோர்ந்துபோயிருந்த ஒரு பராமரிப்பாளரிடம், உதவுகிறேன் என்று ஒருவர் வந்து, சுமார் இரண்டு வருடம் நல்ல பிள்ளையாக நடந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, ரகசியமாக உள்ளே நுழைய உதவும் பின்கதவை வைத்தார். அந்தப் பராமரிப்பாளரை அவசரப்படுத்தவும் குறைகூறவும் மடலாடற்குழுவில் போலிக் கணக்குகள் போலத் தோன்றும் சில பெயர்கள் வந்தன. ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது. மூலநிரல் திறந்திருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது என்பது உண்மை. திறந்திருந்தும் ஒரு ஆளைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

உரிமையைப் பேசுங்கள், நானும் வருகிறேன். கூடவே அந்த உரிமையைச் சுமக்கும் ஆளைப் பற்றியும் பேசுங்கள். பயன்படுத்தும் மென்பொருளுக்கு மாதம் ஒரு சிறு தொகை அனுப்புங்கள். அது முடியாதென்றால் பிழை அறிக்கையையாவது மரியாதையாக எழுதுங்கள்.

கட்டற்றவன் எழுதியது:

பின்புலன் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். பெரிய நிறுவனங்கள் இலவசமாக எடுத்துக்கொள்கின்றன, திருப்பிக் கொடுப்பதில்லை. இது உரிமத்தின் குறையா, எடுப்பவர்களின் குறையா என்று கேட்டால் இரண்டாவது என்பேன்.

ஆனால் தரவுக்காரி சொன்னதற்கு என்னிடமும் விடை இருக்கிறது. மின்னஞ்சலைப் பாருங்கள். அதை அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982-இல் வரையறுக்கப்பட்டது. இன்றைக்கும் எந்தச் சேவையிலிருந்தும் எந்தச் சேவைக்கும் அஞ்சல் போகிறது. நான் யாரிடம் கணக்கு வைத்திருக்கிறேன் என்று என் நண்பர் கவலைப்படத் தேவையில்லை. செய்திச் செயலிகளும் அப்படி ஆகியிருக்கலாம். கூகுள் டாக் என்ற செய்திச் செயலி 2005-இல் எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறையில்தான் வந்தது. 2006-இல் மற்ற சேவையகங்களோடும் பேச ஆரம்பித்தது. 2013-இல் அதன் இடத்தில் ஹேங்கவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவை அடைத்தார்கள். முடியாமல் அடைக்கவில்லை. வேண்டாம் என்று அடைத்தார்கள்.

ஐயப்பாடு எழுதியது:

மின்னஞ்சலை எடுத்துக்காட்டுவதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. சொந்தமாக அஞ்சல் சேவையகம் நடத்திப் பாருங்கள். பெரிய சேவைகளுக்கு நீங்கள் அனுப்பும் கடிதம் குப்பை அஞ்சல் பெட்டியில்தான் போய் விழும். பொது நெறிமுறை இருந்தும் அதிகாரம் சில கைகளில் குவியத்தான் செய்தது. குப்பை அஞ்சலைத் தடுக்கும் பெயரில்தான் அது நடந்தது, அந்தக் காரணம் பொய்யும் இல்லை.

செய்திச் செயலிகளை ஒன்றோடொன்று இணைத்தால் மறையாக்கம் என்னாகும்? இரு முனைகளிலும் ஒரே தரம் வேண்டும். ஒரு பக்கம் பலவீனமான செயலி இருந்தால் மறு பக்கம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. பாதுகாப்பா, விடுதலையா என்றால் நான் முதலில் பாதுகாப்பைத்தான் எடுப்பேன்.

தரவுக்காரி எழுதியது:

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் மற்றச் செயலிகளோடு இணைய வழி தர வேண்டும், அதே சமயம் மறையாக்கத்தின் தரம் குறையக்கூடாது என்று அது சொல்கிறது. இணைய வருகிறவர் சிக்னல் செயலியின் மறையாக்க நெறிமுறையையோ அதற்குச் சமமானதையோ பயன்படுத்த வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா வைத்த நிபந்தனை. மெதுவாக நகர்கிறது, ஆப்பிளின் ஐமெசேஜை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் முடியாது என்ற பேச்சு முடிந்துவிட்டது.

தொலைபேசி எண்ணையும் நினைத்துப் பாருங்கள். எண் மாறாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி பல நாடுகளில் சட்டம் போட்ட பிறகுதான் வந்தது. நிறுவனங்கள் தாமாகக் கொடுக்கவில்லை. என் வாதம் இதுதான்: கோப்புக்கு வெளியேறும் வழியை நான் தனியாகத் தேடிக்கொள்வேன். உறவுகளுக்கு வெளியேறும் வழியைச் சட்டம்தான் தர முடியும்.

நிரல்வாசி எழுதியது:

தரவுக்காரி, உங்கள் கடைசி இரண்டு வரிகளை என் தொடக்கப் பதிவோடு சேர்த்துக்கொள்கிறேன். நான் கோப்பு அளவில் நின்றுவிட்டேன், நீங்கள் அதை முழுமையாக்கினீர்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே முதல், பயனர் தன் தரவைக் கணினியால் படிக்கக்கூடிய வடிவத்தில் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. நல்ல சட்டம். ஆனால் கொடுப்பவரைத்தான் அது கட்டாயப்படுத்துகிறது, ஏற்றுக்கொள்ளும் இடத்தை உருவாக்குவதில்லை. கூகுள் பிளஸுக்கு நேர்ந்தது அப்படியே திரும்ப நடக்கும். பல சேவையகங்களில் இயங்கும் சமூக வலைத்தளமான மஸ்டடானில்கூடக் கணக்கை வேறு சேவையகத்துக்கு மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூட வருகிறார்கள், பழைய பதிவுகள் வருவதில்லை. பொது நெறிமுறையில் கட்டிய இடத்திலேயே இந்த நிலை என்றால் மற்றதைப் பற்றி என்ன சொல்ல?

புதுவரவு எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். நான் நிரலர் இல்லை. குறிப்புகள், படங்கள், கடவுச்சொற்கள், மின்னஞ்சல் இவ்வளவுதான் என்னிடம் இருப்பவை. என் செயலிகளில் வெளியேறும் வழி இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? அமைப்புகளில் "ஏற்றுமதி" என்று ஒரு பொத்தான் இருந்தால் போதுமா?

நிரல்வாசி எழுதியது:

போதாது, அழுத்திப் பார்க்க வேண்டும். வந்த கோப்பை அந்தச் செயலி இல்லாத இன்னொரு கணினியில் திறக்க வேண்டும்.

குறிப்புகளில் உரை மட்டும் வந்து, இணைத்த படங்களும் குறிப்புகளுக்கிடையே இருந்த இணைப்புகளும் விட்டுப்போவது வழக்கமான சிக்கல். நீளமான, படங்கள் உள்ள ஒரு குறிப்பை எடுத்துச் சோதியுங்கள். பிடிஎஃப்பாக மட்டும் கொடுக்கும் செயலியை நான் ஏற்றுமதி உள்ளதாகக் கணக்கிடுவதில்லை, அதை மறுபடி திருத்த முடியாது. படங்களில் எடுத்த தேதியும் இடமும் படத்துக்குள்ளேயே இருக்கின்றனவா, தனிக் கோப்பாக வருகின்றனவா என்று பாருங்கள். தனியாக வந்தால், இன்னொரு செயலியில் ஏற்றியதும் எல்லாப் படமும் ஒரே நாளில் எடுத்ததுபோல் வரிசை மாறிவிடும். கடவுச்சொல் மேலாளர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் மறையாக்கம் இல்லாத ஒரு பட்டியலாகக் கொட்டிவிடும். சோதித்து முடித்த கையோடு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், மேகச் சேமிப்பில் தானாக ஏறும் கோப்புறையில் வைக்கவே வைக்காதீர்கள்.

மின்னஞ்சலுக்குச் சொந்தமாக ஒரு டொமைன் (இணையப் பெயர்) வாங்கி அதில் முகவரி வைத்துக்கொள்வதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. சேவை மாறினாலும் முகவரி மாறாது. ஐயப்பாடு சொன்னதுபோல் சொந்தச் சேவையகம் நடத்த வேண்டிய தேவையும் இல்லை.

பின்புலன் எழுதியது:

டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் வேறொருவர் வாங்கிவிடுவார், அப்புறம் உங்கள் கடவுச்சொல் மீட்பு அஞ்சல்கள் அவருக்குப் போகும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். பதிவு செய்த நிறுவனத்தில் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் முகவரியைக் கொடுக்காதீர்கள்.

புதுவரவு எழுதியது:

குறிப்புச் செயலியை மட்டும் இப்போது சோதித்தேன். உரை நன்றாக வந்தது. படங்கள் எல்லாம் ஒரே கோப்புறையில், வெறும் எண்களைப் பெயராக வைத்து வந்திருக்கின்றன. எது எந்தக் குறிப்பின் படம் என்று தெரியவில்லை. இதை நம்பித் தொடரலாமா?

நிரல்வாசி எழுதியது:

குறிப்புக் கோப்பை நோட்பேட் போன்ற எளிய உரைத்திருத்தியில் திறந்து, அந்த எண்களில் ஒன்றைத் தேடுங்கள். உரைக்கு நடுவே அந்த எண் இருந்தால் இணைப்பு பிழைத்திருக்கிறது, வேறொரு செயலி அதைச் சேர்த்துக் காட்டும். இல்லையென்றால் படமுள்ள புதிய குறிப்புகளை இன்றிலிருந்தே அதில் எழுதாதீர்கள், பழையதை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம். முடிவை இங்கே எழுதுங்கள், செயலியின் பெயரையும் சொன்னால் மற்றவர்களும் பார்த்துக்கொள்வார்கள்.